மிடி விசைப்பலகைப் பழுதறிதல்

மிடி விசைப்பலகைப் பழுதறிதல் என்பது, கணினியுடன் இணைக்கப்பட்ட இசை விசைப்பலகை இசைப்பதிவு மென்பொருளில் ஒலிக்காதபோதும் தவறாக ஒலிக்கும்போதும் பழுதின் இடத்தைக் கண்டறிந்து நீக்கும் முறையாகும். தமிழ்நாட்டில் இக்கருவி 'கீபோர்டு' என்றே பெரும்பாலும் வழங்கப்படுகிறது. தட்டெழுதும் கணினி விசைப்பலகைக்கும் அதே பெயர் இருப்பதால் குழப்பம் நேரலாம். இக்கட்டுரையில் விசைப்பலகை என்பது இசைக்கருவியை மட்டுமே குறிக்கும்.

இவ்வகைப் பழுதுகளை ஆராயும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பழுது பதிவுக்கு முன் நேர்ந்ததா, பின் நேர்ந்ததா என்பதாகும். பின் நேர்ந்ததாயின், தவறாக ஒலித்த வாசிப்பையும் மீட்டுவிடலாம். முன் நேர்ந்ததாயின், பெரும்பாலும் கலைஞர் மீண்டும் வாசிக்க வேண்டியிருக்கும். நன்கு அமைந்த ஒரு வாசிப்பு இரண்டாம் முறை அப்படியே அமைவதில்லை என்பதால் இவ்வேறுபாடு முக்கியமானது.

மிடி அனுப்புவது எது

மிடி என்பது இசைக்கருவிகளும் கணினிகளும் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான ஒரு நெறிமுறை. இது ஒலியைச் சுமந்து செல்வதில்லை. தொடங்குநர் பலர் தடுமாறுவது இவ்விடத்தில்தான். ஒரு கட்டையை அழுத்தினால், எந்தக் கட்டை, எவ்வளவு விரைவாக அழுத்தப்பட்டது, எந்தச் சேனலில் என்ற விவரங்கள் மூன்று பைட்டுகளாகச் செல்கின்றன. நடுக் கட்டையை முதல் சேனலில் அழுத்தும்போது 144, 60, 100 என்பது போன்ற மூன்று எண்கள் வெளியேறும். முதல் எண் 'கட்டை அழுத்தப்பட்டது' என்பதையும், இரண்டாவது கட்டையின் எண்ணையும், மூன்றாவது 127 வரையுள்ள அழுத்த வேகத்தையும் குறிக்கும். விரலை எடுத்தவுடன் மற்றொரு செய்தி செல்லும். அச்செய்தியைப் பெற்று ஒலியை உண்டாக்குவது கணினியில் உள்ள மென்கருவியின் வேலை.

ஆகவே மிடிப் பதிவு என்பது ஒலிப்பதிவு அன்று. அதை ஒருவகைச் சுரக்குறிப்பு எனலாம். வீணை ஒலியில் பதிந்ததைப் பின்னர்ப் புல்லாங்குழல் ஒலியில் கேட்க முடிவது இதனால்தான். ஒலிப்பதிவுக்குப் பரவலாகப் பயன்படும் ஆடாசிட்டி மென்பொருளில் மிடி விசைப்பலகையை இணைத்துவிட்டு, 'பதிவாகவில்லை' என்று திகைப்போர் உண்டு. ஆடாசிட்டி மிடிக் கோப்பைத் திறந்து காட்டும். ஆனால் மிடிச் செய்திகளைப் பதிவு செய்யாது. அங்கே பழுது எதுவும் இல்லை, மென்பொருள்தான் வேறு. கட்டற்ற மென்பொருள்களுள் ஆர்டர், எல்.எம்.எம்.எசு., ரோசுகார்டன் முதலியவை மிடிக்கு ஏற்றவை.

வரலாறு

1983 சனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்சியல் சர்க்கியூட்சு நிறுவனத்தின் புரொபெட்-600 கருவியும் ரோலண்டு நிறுவனத்தின் சூப்பிட்டர்-6 கருவியும் ஒரு வடத்தால் இணைக்கப்பட்டு, ஒன்றை வாசிக்க மற்றொன்று ஒலித்தது. இந்நெறிமுறையை உருவாக்கியதில் முதன்மைப் பங்காற்றிய டேவ் சுமித், இக்குதாரோ காக்கேகாசி ஆகிய இருவருக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. போட்டி நிறுவனங்கள் உரிமத்தொகை கேளாமல் ஒரே நெறிமுறையை ஏற்றுக்கொண்டது இத்துறையில் அரிய நிகழ்வு. மிடி 2.0 என்னும் புதிய பதிப்பு 2020இல் ஏற்கப்பட்டது. எனினும், அதற்குப் பின்னரும் வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகள் பெரும்பாலும் முதற்பதிப்பின் செய்திகளையே பேசி வந்துள்ளன.

தமிழ்த் திரையிசையில் இத்தொழில்நுட்பம் விரைவிலேயே நுழைந்தது. இளையராசா இசையமைத்த புன்னகை மன்னன் (1986), கணினிவழி இசைக்கோப்பைப் பயன்படுத்திய தொடக்ககாலத் தமிழ்ப் படங்களுள் ஒன்றாக அறியப்படுகிறது. விசைப்பலகைக் கலைஞராகத் தொழில் தொடங்கிய ஏ. ஆர். ரகுமான் 1989இல் சென்னையில் தம் வீட்டருகே பஞ்சதன் ரெக்கார்டு இன் என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992இல் வெளிவந்த ரோசா அவரது முதல் திரைப்படம்.

ஒலி வராதிருத்தல்

மிகுதியாகக் காணப்படும் பழுது இதுவே. விசைப்பலகையிலிருந்து ஒலிபெருக்கி வரையுள்ள வழி நீளமானது: வடம், இயக்கி நிரல், பதிவு மென்பொருளின் உள்ளீட்டுத் தேர்வு, தடம், மென்கருவி, ஒலி அட்டை. இவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதைவிட வழியை நடுவில் பிரித்துப் பார்ப்பது விரைவானது. அதற்கு மிடிக் கண்காணிப்பு நிரல்கள் உதவும். விண்டோசில் மிடி-ஆக்சு, மாக் கணினியில் மிடி மானிட்டர், லினக்சில் கேமிடிமான் ஆகியவை அத்தகையவை. இவை கணினிக்குள் வரும் செய்திகளை எண்களாகத் திரையில் காட்டும்.

கட்டையை அழுத்தியும் கண்காணிப்பு நிரலில் எதுவும் தோன்றாவிடில் பழுது வடத்தின் பக்கம் உள்ளது. யூ.எசு.பி. வடங்களுள் சில, மின்னேற்றத்துக்கு மட்டும் உரியவை. அவற்றில் தரவுக்கான கம்பிகளே இரா. விசைப்பலகையின் விளக்கு எரிவதால் வடம் சரியாக உள்ளது என்று எண்ணிப் பலர் மணிக்கணக்கில் இயக்கிகளை மீண்டும் மீண்டும் நிறுவுவதுண்டு. விளக்கு எரிவது மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டுமே சான்று. பழைய ஐந்து முனை வடத்தை யூ.எசு.பி.யாக மாற்றும் இணைப்பிகளில் மற்றொரு குழப்பம் உண்டு. செய்தி வெளியேறும் துளையில் இணைப்பியின் உள்வாங்கும் முனை செருகப்பட வேண்டும். ஆனால் சில தயாரிப்பாளர்கள், எந்தத் துளையில் செருக வேண்டுமோ அத்துளையின் பெயரையே முனையில் அச்சிடுகின்றனர். இரு முனைகளையும் இடம் மாற்றிப் பார்ப்பதால் கருவிக்குக் கேடு எதுவும் இல்லை.

கண்காணிப்பு நிரலில் எண்கள் ஓடியும் ஒலி இல்லையெனில் பழுது மென்பொருளின் பக்கம் உள்ளது. விண்டோசில் பழைய இயக்கிகள் பல, ஒரு நேரத்தில் ஒரு நிரலுக்கு மட்டுமே விசைப்பலகையை விட்டுக்கொடுக்கும். சோதனைக்காகத் திறந்த கண்காணிப்பு நிரலை மூடாமல் பதிவு மென்பொருளைத் திறந்தால், சோதனையே பழுதாகிவிடும். அடுத்து, தடம் பதிவுக்கு ஆயத்தமாக்கப்பட்டுள்ளதா, அதன் உள்ளீடு இவ்விசைப்பலகைதானா, சேனல் எண் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். தடத்தில் மென்கருவி ஏற்றப்படாமலிருந்தால் செய்திகள் பதிவாகும். ஒலி மட்டும் இராது. மிருதங்கம், தபலா போன்ற தாளக் கருவிகளின் மென்வடிவங்கள் சில கட்டைகளில் மட்டுமே சொற்களை வைத்திருக்கும். ஸ்தாயிப் பொத்தான் தவறுதலாக அழுத்தப்பட்டிருந்தால், அழுத்தும் கட்டைகள் யாவும் அந்த எல்லைக்கு வெளியே விழுந்து கருவி ஊமையானதாகத் தோன்றும்.

இரட்டை ஒலியும் ஓயாத ஒலியும்

ஒரு கட்டைக்கு இரு ஒலிகள் சற்றே முன்பின்னாகக் கேட்டால், விசைப்பலகை தன் சொந்த ஒலியையும் மென்பொருள் தன் ஒலியையும் எழுப்புகின்றன என்று பொருள். விசைப்பலகையின் 'லோக்கல் கன்ட்ரோல்' அமைப்பை நிறுத்தினால் போதும்.

ஓர் ஒலி நில்லாமல் நீண்டுகொண்டே இருப்பது வேறு பழுது. விரல் எடுக்கப்பட்ட செய்தி வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள். கட்டையை அழுத்தியபடியே ஸ்தாயிப் பொத்தானை மாற்றினால் சில கருவிகள் வேறொரு கட்டையை விடுவித்ததாகச் செய்தி அனுப்பிவிடும். பெரும்பாலான மென்பொருள்களில் எல்லா ஒலிகளையும் ஒருசேர அடக்கும் 'பேனிக்' பொத்தான் உண்டு. எல்லாச் சுரங்களும் நீண்டால் கால்மிதியை ஐயுற வேண்டும். மிதியை அழுத்தியவாறு கருவியை இயக்கியிருந்தால், அழுத்தும்போது அடங்கி, விடும்போது நீளும் தலைகீழ் நிலை ஏற்படலாம். காலை எடுத்துவிட்டுக் கருவியை அணைத்து மீண்டும் இயக்கினால் இது சரியாகும்.

தாமதம்

கட்டையை அழுத்திய சிறிது நேரம் கழித்து ஒலி கேட்பது தாமதம் எனப்படும். இதற்கு மிடியைப் பழிப்பது வழக்கம். ஆனால் அது நியாயமன்று. மிடியின் பழைய வடத்தில் வினாடிக்கு 31,250 பிட்டுகள் செல்கின்றன. மூன்று பைட்டுச் செய்தி ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லி வினாடி போதும். உண்மைக் காரணம், ஒலி அட்டைக்கு அனுப்புமுன் மென்பொருள் ஒலியைச் சேர்த்து வைக்கும் 'பஃபர்' எனப்படும் இடைநினைவகம். வினாடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட பதிவில் 1,024 மாதிரிகள் கொண்ட இடைநினைவகம் 23 மில்லி வினாடித் தாமதத்தையும், 256 மாதிரிகள் கொண்டது 6 மில்லி வினாடிக்குச் சற்றே குறைந்த தாமதத்தையும் தரும். ஆறு மில்லி வினாடியில் ஒலி காற்றில் கடக்கும் தொலைவு சுமார் 2 மீட்டர். கச்சேரி மேடையில் பாடகருக்கும் மிருதங்கத்துக்கும் இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே அது பழகிய காதுக்கும் உறுத்தாது.

விண்டோசில் ஆசியோ வகை இயக்கியைத் தேர்ந்து இடைநினைவகத்தைக் குறைப்பதே தீர்வு. மிகவும் குறைத்தால் ஒலி வெடித்து வெடித்துக் கேட்கும். புளூடூத் காதணி ஒலிப்பான்கள் தம் பங்குக்கு நூறு மில்லி வினாடிக்கு மேலும் சேர்க்கக்கூடும் என்பதால் பதிவின்போது அவற்றைத் தவிர்க்க வேண்டும். தாமதத்தால் தடுமாறி வாசித்த சுரங்களைப் பின்னர் இடம் நகர்த்தலாம். எனினும் கலைஞரின் கை தயங்கிய தயக்கத்தை நகர்த்த முடியாது.

கட்டை மாற்றம்

தமிழ்நாட்டுப் பாடகர்கள் தம் சுருதியைக் கட்டைக் கணக்கில் கூறுவர். மேலைச் சுரமான சி ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, ஜி ஐந்து என்பது கணக்கு. ஐந்தரைக் கட்டையில் பாடும் ஒருவருக்கு விசைப்பலகைக் கலைஞர், விரல்களை ஒரு கட்டை நிலையிலேயே வைத்துக்கொண்டு, 'டிரான்சுபோசு' பொத்தானால் நான்கு அரைச்சுரங்கள் கீழிறக்கி வாசிப்பது இயல்பு.

சில விசைப்பலகைகள் இம்மாற்றத்தை மிடிச் செய்தியிலும் செலுத்தும். சில தம் சொந்த ஒலிக்கு மட்டுமே செலுத்தும். முதல் வகையில், நடுக் கட்டையை அழுத்தினால் 60க்குப் பதில் 56 என்ற எண் வெளியேறும். இதை அறியாமல் மென்பொருளின் தடத்திலும் நான்கு அரைச்சுரம் இறக்கினால் 52 ஒலிக்கும். பாடகர் ஐந்தரையில் நிற்க, விசைப்பலகை மூன்று கட்டைக்குப் போய்விடும். இரண்டாம் வகையில், அறையில் உள்ள ஒலிபெருக்கி ஐந்தரைக் கட்டையை ஒலிக்க, மென்பொருள் ஒரு கட்டையைப் பதியும். கண்காணிப்பு நிரலில் எண்ணைப் பார்த்தால் ஐயம் உடனே தீரும். இப்பழுதுகள் எவையும் வாசிப்பைக் கெடுப்பதில்லை. தடத்தில் உள்ள எண்களை ஒட்டுமொத்தமாக ஏற்றியோ இறக்கியோ சரிசெய்துவிடலாம்.

கமகமும் சுருதி வளைப்பும்

கருநாடக இசையில் விசைப்பலகைக்கு எதிரான பழைய குற்றச்சாட்டு, அதில் கமகம் வராது என்பது. அனைத்திந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அத்தடை 1971இல்தான் தளர்த்தப்பட்டது. மின்னணு விசைப்பலகையில் இடக்கைப் பக்கம் அமைந்த சுருதி வளைப்புச் சக்கரம் இக்குறையைப் பெருமளவு போக்கியது. கீபோர்டு சத்தியா எனப்படும் கே. சத்தியநாராயணன் போன்றோர் அச்சக்கரத்தின் துணையுடன் முழுக் கருநாடகக் கச்சேரிகள் நிகழ்த்தியுள்ளனர். ஆனால் கணினியோடு இணைத்தவுடன் கமகம் பிசகுவது மிகவும் மனத்தைத் தளரச்செய்யும் பழுது. வாசித்தவரின் ஞானத்தின் மேலேயே பழி விழுவதும் உண்டு.

சக்கரம் அனுப்பும் செய்தியில் 16,384 படிகள் உள்ளன, நடுநிலை 8,192. சக்கரம் தன் எல்லையில் எத்தனை பங்கு சுழன்றது என்பதை மட்டுமே இந்த எண் சொல்லும். அது எத்தனை அரைச்சுரம் என்பதைச் சொல்லாது. அதை முடிவு செய்வது ஒலியெழுப்பும் கருவி. பெரும்பாலான கருவிகள் மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரங்கள் என்று வைத்திருக்கும். ஆனால் மென்கருவிகளுள் சில ஒன்று என்றும், சில பன்னிரண்டு என்றும் வைத்திருப்பதுண்டு.

தோடி இராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொண்டால் விளைவு தெளிவாகும். அச்சாதாரண காந்தாரம் சுத்த ரிடபத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் இடையே அசைவது தோடியின் உயிர்நிலை. பன்னிரு சுரக் கணக்கில் சட்சத்திலிருந்து அந்த ரிடபம் ஒன்றாம் படி, காந்தாரம் மூன்றாம் படி, மத்திமம் ஐந்தாம் படி. எனவே இரண்டு அரைச்சுர அளவுள்ள சக்கரத்தை இரு எல்லைக்கும் அசைத்தால் அசைவு சரியாக அமையும். அதே வாசிப்பு ஓர் அரைச்சுர அளவுள்ள மென்கருவிக்குச் சென்றால், அசைவு இரண்டாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையே சுருங்கும். அவை சதுசுருதி ரிடபமும் அந்தர காந்தாரமும் ஆகும். தோடியில் இடமே இல்லாத இரு சுரங்கள் அவை. பன்னிரண்டு என்று இருந்தாலோ காந்தாரம் ஒரு ஸ்தாயி கீழும் ஒரு ஸ்தாயி மேலும் பாய்ந்து ஊளையாகிவிடும்.

சோதனை எளிது. சட்சக் கட்டையை அழுத்திச் சக்கரத்தை மேலெல்லைக்குத் தள்ள வேண்டும். அவ்வொலி, சக்கரத்தை விட்டுவிட்டு இரண்டு அரைச்சுரம் தள்ளியுள்ள கட்டையை அழுத்தும்போது கேட்கும் ஒலியோடு ஒத்தால் அளவு இரண்டு. ஒவ்வாவிடில் மென்கருவியின் அமைப்பில் அளவை மாற்ற வேண்டும். இவ்வளவை விசைப்பலகையிலிருந்தே அறிவிக்கும் செய்தியும் மிடியில் உண்டு. ஆனால் அதை மதிக்காத மென்கருவிகளும் உள்ளன. அளவை மாற்றியவுடன் ஏற்கெனவே பதிந்த தோடியும் சரியாகிவிடும். மீண்டும் வாசிக்க வேண்டியதில்லை.

மீட்க இயலாத நிலையும் உண்டு. கோப்பின் அளவைக் குறைக்கச் சில மென்பொருள்கள் சக்கரச் செய்திகளை வடிகட்டும் வசதியைத் தருகின்றன. அது இயக்கத்தில் இருந்தால் கமகம் பதிவாகவே இராது. வாசிக்கத் தொடங்குமுன் ஒரு சுரத்தை அசைத்துப் பதிந்து, தடத்தில் வளைகோடு தோன்றுகிறதா என்று பார்ப்பது நல்ல வழக்கம். விலை குறைந்த விசைப்பலகைகள் சில, 16,384 படிகளுக்குப் பதில் 128 படிகளையே அனுப்பும். இரண்டு அரைச்சுர அளவில் ஒரு படி ஏறத்தாழ 3 சென்டு என்பதால் காதுக்குத் தெரியாது. பன்னிரண்டு அளவில் ஒரு படி 19 சென்டை நெருங்கும். கமகம் வழுக்காமல் மாடிப்படி ஏறுவதுபோல் கேட்கும். நூறு சென்டு ஓர் அரைச்சுரம்.

சக்கரச் செய்தி ஒரு சுரத்துக்கு மட்டும் உரியதன்று, அந்தச் சேனல் முழுமைக்கும் உரியது. ஆதார சுருதியையும் அதே சேனலில் பிடித்தால், காந்தாரம் அசையும்போது சுருதியும் சேர்ந்து அசையும். சுருதிக்குத் தனித் தடமும் தனிச் சேனலும் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் தரும் எம்.பி.இ. என்னும் முறை 2018இல் ஏற்கப்பட்டது; அதற்கேற்ற கருவியும் மென்கருவியும் வேண்டும். மேலும், கமகத்தின் நடுவே பதிவை நிறுத்தினால் மென்கருவி வளைந்த நிலையிலேயே நின்றுவிடக்கூடும். அதன்பின் எல்லாச் சுரங்களும் சுருதி விலகி ஒலிக்கும். சக்கரத்தை ஒருமுறை அசைத்து விட்டால் நடுநிலைச் செய்தி சென்று இது நீங்கும். அப்படியும் நீங்காவிடில், தேய்ந்த சக்கரம் 8,192க்குத் திரும்பாமல் வேறு எண்ணில் நிற்கிறதா என்று கண்காணிப்பு நிரலில் காணலாம்.

தாளச் சீராக்கம்

முன்பின்னாக விழுந்த சுரங்களை அருகிலுள்ள கட்டத்துக்கு இழுத்து நிறுத்தும் வசதி 'குவாண்டைசு' எனப்படுகிறது. பழனி முதலிய முருகன் தலங்களுக்குக் காவடி எடுத்துச் செல்வோர் பாடும் காவடிச்சிந்து பெரும்பாலும் மும்மூன்றாய் நடக்கும் திசுர நடையில் அமைந்தது. அதை வாசித்துவிட்டு, மென்பொருளில் முன்னிருப்பாக உள்ள நான்கின் கட்டத்தில் சீராக்கினால் நடை நொண்டும். ஓர் அடியை 480 துணுக்குகளாகப் பகுக்கும் மென்பொருளில் திசுரத்தின் மூன்று தட்டுகள் 0, 160, 320 ஆகிய இடங்களில் விழவேண்டும். நான்கின் கட்டமோ 0, 120, 240, 360 என்று உள்ளது. எனவே 160 என்பது 120க்கும், 320 என்பது 360க்கும் இழுக்கப்படும். சமமாக இருந்த மூன்று இடைவெளிகள் ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்று ஆகிவிடும். கட்டத்தை மூன்றின் பகுப்புக்கு மாற்றிச் சீராக்க வேண்டும். முதல் வாசிப்பின் படியைத் தனியே சேமித்து வைத்திருந்தால் மட்டுமே இது எளிது.

ஒலி எண் குழப்பம்

1991இல் வகுக்கப்பட்ட பொது மிடி அட்டவணையில் 128 ஒலிகள் உள்ளன. அதில் சித்தார் 105ஆம் இடத்திலும் ஷெனாய் 112ஆம் இடத்திலும் உள்ளன. வீணைக்கும் நாதசுரத்துக்கும் இடம் கிடைக்கவில்லை என்பதால் நாதசுரத்துக்கு மாற்றாக ஷெனாயைத் தேர்வோர் பலர். சில மென்பொருள்கள் ஒலிகளை ஒன்றிலிருந்தும் சில பூச்சியத்திலிருந்தும் எண்ணுகின்றன. பூச்சியத்திலிருந்து எண்ணும் மென்பொருளில் 112 என்று கொடுத்தால் அட்டவணையின் 113ஆம் ஒலியான சிறுமணி ஒலிக்கும். கருவி கெட்டுவிட்டது என்று எண்ணுமுன் ஓர் எண் குறைத்துப் பார்க்கலாம். ஸ்தாயி எண்ணிலும் இதே நிலைதான். 60ஆம் கட்டையை யமகா சி3 என்றும், ரோலண்டு சி4 என்றும் அழைக்கின்றன.

மலைப்பகுதிகளில்

கொடைக்கானல் போன்று கடல்மட்டத்துக்குச் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள பழனிமலை ஊர்களில் மூடுபனியும் ஈரமும் மிகுதி. விசைப்பலகையின் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் கரி பூசிய இரப்பர்த் தொடுகைகள் இரண்டு உள்ளன. முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டே கருவி அழுத்த வேகத்தைக் கணக்கிடுகிறது. ஈரமோ தூசியோ படிந்து ஒரு தொடுகை கெட்டால், அந்தக் கட்டை ஒலிக்காது. அல்லது மெல்ல அழுத்தினும் 127 என்ற உச்ச வேகத்தில் அலறும். குறிப்பிட்ட சில கட்டைகளில் மட்டும் இது நேர்ந்தால், மென்பொருளில் தேடுவது வீண். பழுது பதிவுக்கு முன்னதாகவே உள்ளது.

குளிர்ந்த அறையிலிருந்து, அடுப்போ கணப்போ உள்ள ஈரமான அறைக்குக் கொண்டுவந்த கருவியில் நீர்த்துளிகள் படியக்கூடும். அறையின் வெப்பநிலைக்கு அது வரும்வரை இயக்காமல் வைத்திருப்பது நல்லது. படிந்துவிட்ட அழுக்கை, கருவியைத் திறக்கத் தெரிந்தவர் ஐசோபுரொப்பைல் ஆல்ககால் தோய்த்த பஞ்சால் மென்மையாகத் துடைத்து எடுக்கலாம். அழுத்தித் தேய்த்தால் கரிப்பூச்சு உரிந்துவிடும்.

மடிக்கணினியின் மின்னேற்றியைச் செருகியவுடன் ஒலிபெருக்கியில் இரைச்சல் எழுந்தால், அது யூ.எசு.பி. வடத்தின் வழியே அமையும் புவி இணைப்புச் சுற்றினால் ஆனதாக இருக்கலாம். பழைய ஐந்து முனை மிடி வடத்தின் பெறும் முனையில், செய்தியை ஒளியாக மாற்றிக் கடத்தும் பிரிப்பான் இருப்பதால் இரு கருவிகளுக்கும் இடையே மின்தொடர்பு இராது. இரண்டு வகைத் துளைகளும் உள்ள விசைப்பலகையில் யூ.எசு.பி. வடத்தைக் கழற்றிவிட்டு ஐந்து முனை வடத்தால் இணைத்துப் பார்க்க, பெரும்பாலும் இரைச்சல் அடங்கிவிடும்.